சிங்கப்பூரில் அறை: அடுப்பில்லாத 600 வெள்ளியா, அடுப்புள்ள 800 வெள்ளியா?

விடுப்பில் காரைக்குடி வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. எதிர்வீட்டு ஆச்சியின் மகன் கைப்பேசியோடு முகப்பில் வந்து உட்கார்ந்துவிட்டான். அடுத்த மாதம் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்கிறான். "அண்ணே, ரெண்டு ரூம் பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு ஃபேரர் பார்க்ல, ஷேரிங், 600 வெள்ளி. நோ குக்கிங். இன்னொண்ணு யீஷூன்ல, தனி ரூம், 800. சமைக்கலாமாம். எதை எடுக்க?"

(வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். இரண்டும் மாத வாடகை.) இந்த இரண்டு மாதிரி அறையிலும் நான் இருந்திருக்கிறேன். 2024 ஜனவரியில் போய் இறங்கியதும் ஆறு மாதம் ஃபேரர் பார்க், அதன்பின் யீஷூன். என் ஓட்டு யீஷூனுக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஃபேரர் பார்க்கின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேக்கா மார்க்கெட் பக்கம், பெருமாள் கோயில் பக்கம், சிராங்கூன் சாலையில் நடந்தாலே ஊர் ஞாபகம் வராது. தஞ்சோங் பகாரில் இருந்த என் அலுவலகத்துக்கும் சீக்கிரம் போய்விடலாம். யீஷூனிலிருந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், எம்ஆர்டி ரயிலுக்கு மாதம் 25 வெள்ளி போலக் கூடும். சரி, அது அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. ஃபேரர் பார்க்கில் மூன்று வேளையும் கடை. காலையில் டிபனும் டீயும் 5 வெள்ளி, மதியம் 7, இரவு 6. நாளுக்கு 18, மாதத்துக்கு 540. யீஷூனில் அரிசி, பருப்பு, காய், பால், எண்ணெய் எல்லாம் சேர்த்து 220, வெள்ளிக்கிழமை அலுவலக நண்பர்களோடு வெளியே சாப்பிட 20. மொத்தம் 240. சாப்பாட்டில் மிச்சம் 300. அதில் கூடுதல் வாடகை 200, கூடுதல் பயணம் 25 போனால் நிற்பது 75 வெள்ளி. "இந்த 75 வெள்ளிக்கா அவ்வளவு தூரம் போறது?" என்றான். நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்த 540 நான் ஒழுங்காக இருந்த மாதத்துக் கணக்கு. வாடகை, போன், பயணம் எல்லாம் மாதாமாதம் ஒரே தொகை. ஆடுகிற கணக்கு சாப்பாடு ஒன்றுதான், அடுப்பில்லாதவனுக்கு அது மேலே மட்டும்தான் ஆடும். மழையில் நனைந்து வந்த இரவு, ஊர்க்காரர் வந்த ஞாயிறு என்று ஏதாவது ஒரு சாக்கில் ஏசி போட்ட ஓட்டலுக்குள் போய்விடுவோம். பல ஓட்டல்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதன்மேல் 9 விழுக்காடு வரி என்று அர்த்தம். (வரி 8-இலிருந்து 9 ஆனதே நான் போய் இறங்கிய மாதத்தில்தான். நல்ல வரவேற்பு.) பட்டியலில் 20 வெள்ளி என்றால் கையை விட்டுப் போவது 24. ஒரு மாதம் சாப்பாட்டுக்கு மட்டும் 700 தாண்டியது.

அடுப்பு இருந்தால் கீழேயும் இறக்கலாம். ஊரில் தங்கச்சி கல்யாணத்துக்குப் பணம் அனுப்பிய மாதம் ரசம், துவையல், அப்பளம் என்று 150 வெள்ளிக்குள் ஓட்டினேன். இந்த இறக்கம் ஏன் வேண்டும் என்றால், அங்கே சம்பளத்தில் வருமான வரியை மாதாமாதம் பிடிப்பதில்லை. முழுச் சம்பளமும் கைக்கு வரும், வரி அடுத்த ஆண்டு வந்து நிற்கும். வட்டியில்லாமல் 12 தவணை வரை கட்டலாம் என்றாலும், ஏற்கெனவே நிரம்பிய கணக்கில் புதிதாக ஒரு செலவு ஏறும். அன்றைக்கு வாடகையையா குறைக்க முடியும்?

எங்கள் ஐயா காலத்தில் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி, அதாவது செட்டியார்கள் தொழில் நடத்தி அங்கேயே தங்கிய கட்டடம். அதில் ஆளுக்கொரு பெட்டி, ஒரு பாய். சமையல் மட்டும் பொது, செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்களாம். படுக்கையில் சிக்கனம் பிடித்தார்கள், அடுப்பை விடவில்லை. அப்பத்தா இதை நூறு தடவை சொல்லியும் எனக்கு உறைக்க ஆறு மாதம் ஆனது.

ஒரு எச்சரிக்கை. 'சமைக்கலாம்' என்பதிலேயே பல ரகம் உண்டு. 'லைட் குக்கிங்' என்றால் பெரும்பாலும் நூடுல்ஸ், முட்டை, ரைஸ் குக்கர், அவ்வளவுதான். அதனால் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: தாளிக்கலாமா? கடுகும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் விழும்போது எழும் நெடிக்குச் சம்மதம் என்றால்தான் அது நமக்குச் சமையலறை. கூடவே, தண்ணீர், கரன்ட் பில் வாடகையில் சேருமா, ஏசி எத்தனை மணி நேரம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எச்டிபி என்கிற அரசு அடுக்குமாடி வீட்டில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது, ஆகவே தப்பாகப் பிடித்தால் உடனே மாறுவது கஷ்டம். எனக்கு முன்பணம் ஒரு மாத வாடகை, ஓராண்டு ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை 38 வெள்ளி.

திருச்சியில் விமானம் ஏறும்போது பெட்டியில் சாம்பார்ப் பொடி, இடித்த மிளகாய்த்தூள், மணத்தக்காளி வத்தல், கல்பாசி எல்லாம் வைத்துக்கொள்ளலாம். கசகசா மட்டும் ஒரு சிட்டிகைகூடக் கூடாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிற தடைசெய்த பொருள். குருமாவுக்கு அரைத்த மசாலாவில் கலந்திருக்கிறதா என்று ஆத்தாவிடம் கேட்டுவிட்டுப் பெட்டியைப் பூட்டு என்றேன். அவன் முகம் மாறியது. ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார்களாம்.

மலேசிய எல்லை ஊரான ஜோகூர் பாருவில் தங்கிப் பாலம் தாண்டி வேலைக்கு வரலாம், வாடகை பாதி என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். மலேசியக்காரர்களுக்கு அது சரி. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா இல்லாமல் கிடைப்பது 30 நாள் சுற்றுலா. குடித்தனம் நடத்த அல்ல.

இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு என் கணக்கு பொருந்துமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருபவர் குழம்பு வைப்பாரா? அவருக்கு ஃபேரர் பார்க்கே மேலாக இருக்கலாம். குடும்பத்தோடு போவது வேறு கணக்கு, நான் தனியாள்.

கடைசியில் யீஷூன் வீட்டுக்கார அம்மாவுக்கு அங்கேயே போன் போட்டான். சமைக்கலாம், தாராளமாகச் சமைக்கலாம் என்றார். நான் சைகை காட்டினேன். "தாளிக்கலாமா?" என்பதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கடுகு, மிளகாய், எண்ணெய், புகை என்று ஒவ்வொன்றாக அடுக்கினான். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அது முடியாது தம்பி, மைக்ரோவேவ் இருக்கு" என்று பதில் வந்தது, தமிழிலேயே.

அந்த எண்ணை அடித்துவிட்டு, யீஷூனுக்குப் பக்கத்தில் இருக்கும் செம்பவாங்கில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தான்.