லங்காராவா, யூக்லூலெட்டா? சினூக் பிடிக்க எங்கே போவது

கனடாவின் பசிபிக் கரைக்கு சால்மன் பிடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, பெரிய மீன் எங்கே கிடைக்கும் என்றுதான். கைடும் படகும் வாடகைக்குப் பிடிக்கும் முன் காற்று கிளம்பினால் படகு எங்கே ஒதுங்கும் என்றும் கேட்டுவிடுங்கள். அந்தக் கரையில் பாதி நாள் வானிலைக்குத்தான் போகும்.

லங்காரா தீவு, ஹைடா க்வாய் தீவுக்கூட்டத்தின் வடமேற்கு மூலை. சாலை கிடையாது. வான்கூவரிலிருந்து மாசெட்டுக்கு விமானம், அங்கிருந்து பெரும்பாலும் ஹெலிகாப்டர். தெற்கே தங்கள் ஆறுகளுக்குத் திரும்பும் சினூக், அதாவது சால்மனிலேயே பெரிய இனம், இந்த முனையை உரசிக்கொண்டுதான் போகும். அதனால் பாறைக்குப் பக்கத்திலேயே, கடற்பாசி ஓரமாகவே தூண்டில் போடலாம். இரை கோர்ப்பதைப் பார்ப்பதே தனி சுகம். கைடு ஹெர்ரிங் என்ற சிறு மீனின் தலையைச் சாய்வாக வெட்டி எறிந்துவிட்டு, உடலில் கொக்கிகளைக் கோர்ப்பார். கோணம் சரியாக இருந்தால் அடிபட்ட மீன் போல மெல்லச் சுழலும். பிசகினால் சால்மன் திரும்பிக்கூடப் பார்க்காது. ரீலும் பழைய பாணி. மீன் ஓடும்போது கைப்பிடி எதிர்ப்பக்கமாகச் சுற்றும், விரலை எடுக்கத் தாமதித்தால் விரல் முட்டி பெயர்ந்துவிடும்.

ஆனால் செலவு ஆளுக்குச் சில ஆயிரம் டாலர். சாப்பாடு, தங்குமிடம், மீனை வெட்டி பேக் செய்வது எல்லாம் அதில் அடங்கிவிடும் என்பது உண்மைதான். மூடுபனி இறங்கினால் ஹெலிகாப்டர் பறக்காது, ஊர் திரும்பும் டிக்கெட் அம்போ.

யூக்லூலெட் இருப்பது வான்கூவர் தீவின் மேற்குக் கரையில். அங்கே போக நனைமோ வரை ஃபெர்ரி, அப்புறம் காரிலேயே போய்விடலாம். படகை நாள் கணக்கில் எடுத்து நாலு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். இங்கே பெரும்பாலும் டவுன்ரிக்கர்தான்: கனமான ஈயக்குண்டு தூண்டில் நரம்பை ஆழத்துக்கு இழுத்துப்போகும், மீன் கடித்ததும் கிளிப் விட்டுக்கொடுக்க, வளைந்திருந்த ராடு சட்டென்று நிமிரும். கைடு அதைப் பிடுங்கி உங்கள் கையில் திணிப்பார். கோடையின் தொடக்கத்தில் தொலைவில் உள்ள லா பெரூஸ் கடலடித் திட்டுக்குப் போகிறார்கள்; ஹாலிபட்டும் கிடைக்கும், வாந்தியும் வரும். ஆகஸ்டில் நிலைமை மாறும். போர்ட் அல்பெர்னி பக்கத்து ராபர்ட்சன் க்ரீக் மீன்குஞ்சு பொரிப்பகத்துக்குத் திரும்பும் சினூக்குகள் பார்க்லி சவுண்ட் என்ற விரிகுடாவுக்குள் நுழையும். வெளியே அலை மிரட்டினாலும் உள்ளே தீவுகளின் மறைவில் நாளை ஓட்டிவிடலாம். முதல் தடவை போகிறவருக்கு என் ஓட்டு இதற்குத்தான், அதுவும் ஆகஸ்டில்.

போர்ட் ரென்ஃப்ரூ விக்டோரியாவிலிருந்து கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் பக்கத்து ஸ்விஃப்ட்ஷூர் திட்டில் ஓர்க்கா திமிங்கிலங்களுக்காகச் சில பகுதிகளைப் பருவத்தில் மூடிவிடுகிறார்கள். தேதி பார்த்துப் போங்கள்.

பணத்தைவிடப் பொறுமை அதிகம் உள்ளவர் வான்கூவர் தீவின் கிழக்குப் பக்கம் கேம்ப்பெல் ரிவர் ஊருக்குப் போகலாம். அங்கே டயீ கிளப் என்ற மீன்பிடிச் சங்கம் 1924 முதல் இருக்கிறது. மோட்டார் கூடாது, துடுப்புப் படகில் ஒருவர் வலிக்க இன்னொருவர் பிடிக்க வேண்டும். பிடித்த மீன் 30 பவுண்டுக்குக் குறைந்தால் உறுப்பினர் ஆக முடியாது. வெறுங்கையோடு திரும்பத் தயாராக இருந்தால் சரி.

எங்கே போனாலும் கடல் மீன்பிடி லைசென்ஸ் வேண்டும், சால்மனை வைத்துக்கொள்ள அதற்கான ஸ்டாம்பும் சேர்த்து வாங்க வேண்டும். சால்மனுக்கு எதிர்முள் இல்லாத கொக்கிதான் அனுமதி. எத்தனை மீன், எந்த அளவு என்பது பருவத்தின் நடுவிலேயே மாறும். கிளம்பும் முன்தினம் மீன்வளத் துறை அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.