பூனைக் கண் பீளைக்குச் சலைன் குப்பி: வாங்கலாம், ஆனால் லேபிளைப் படித்துவிட்டு

சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளிலும் உரிமத்தோடு பூனை வளர்க்கலாம் என்றாகிவிட்டது. புதிதாக வளர்ப்பவர்கள் முதலில் பதறுவது பெரும்பாலும் கண்ணோரம் ஒட்டியிருக்கும் பீளையைப் பார்த்துத்தான். செல்லப்பிராணிக் கடையில் இதற்கென்றே வாசனை போட்ட ஈரத்தாள் விற்கிறார்கள். அது வேண்டாம். மருந்துக் கடையில் காயம் கழுவ விற்கும் சலைன் குப்பியே போதும். பெட்டியாக வாங்கினால் குப்பி ஒன்று ஒரு வெள்ளிக்கும் குறைவு.

லேபிளில் இரண்டே பொருள்தான் இருக்க வேண்டும்: 0.9 விழுக்காடு சோடியம் குளோரைடு, தண்ணீர். கிருமி நீக்கியது என்றும் போட்டிருக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் திரவமும் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும். அதில் லென்ஸைச் சுத்தம் செய்யும் கிருமிநாசினி கலந்திருப்பதால் பூனைக்கு ஆகாது. கண் சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து அதைவிட மோசம். அதிலுள்ள டெட்ராஹைட்ரோசோலினைப் பூனை நக்கி விழுங்கினால் இதயத்துடிப்பு குறைந்து, உடல் சில்லிட்டுப் போகும்.

குப்பியில் பெரிய குறை அதன் வாய். மூடியைத் திருகிப் பிய்த்ததும் விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் பிசிறு நிற்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். பூனை தலையை உதறும் நேரத்தில் அது கருவிழியில் பட்டால் கீறிவிடும். அதனால் நேரடியாகக் கண்ணில் பீய்ச்சாமல், மருத்துவத் துணியில் ஊற்றித் துடைப்பதே நல்லது. பஞ்சு வேண்டாம், இழை பிரிந்து கண்ணுக்குள் போகும்.

பூனையைத் துண்டில் சுற்றி, முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி மடியில் வையுங்கள். எதிரே நின்று கையை நீட்டினால் மிரளும். குப்பியை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள். நனைத்த துணியை மூடிய இமைமேல் அரை நிமிடம் வைத்தால் காய்ந்த பீளை ஊறிவிடும். பிறகு மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. சுரண்டினால் முடியோடு தோலும் வரும். மற்றக் கண்ணுக்கு வேறு துணி, இல்லையென்றால் ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்கும் தொற்றும். மிச்சமிருக்கும் சலைனை எடுத்துவைக்காதீர்கள். கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சேர்க்காத நீர் அது, திறந்துவிட்டால் கிருமி புகுந்துவிடும்.

காலையில் காய்ந்த பழுப்புத் துணுக்கு, பெர்சியன் மாதிரி சப்பை மூக்குப் பூனைக்குக் கண்ணீர்க் கறை, சாம்பிராணிப் புகை, புகைமூட்டம், பூனையின் கழிவுத் தட்டில் போடும் களிமண் மணலின் தூசி: இவற்றுக்குச் சலைன் சரி. தினமும் துடைத்தும் பீளை நிற்கவில்லையா, மணலை மாற்றிப் பாருங்கள். சோயாவில் செய்த தோஃபு மணலில் தூசி குறைவு.

நந்தியாவட்டைச் சாறு, பன்னீர், டீத்தண்ணீர் எதுவும் வேண்டாம், கிருமி நீக்கிய பொருள்கள் அல்ல. பாட்டி கண்ணுக்கு ஒத்துக்கொண்டது என்பது பூனைக்குச் சான்று ஆகாது.

சலைன் கழுவும், குணப்படுத்தாது. கண்ணை இடுக்குவது, முன்காலால் தேய்ப்பது, மஞ்சள் பச்சைச் சீழ், கருவிழியில் மங்கல், கண்ணின் உள்மூலையிலிருந்து வரும் சவ்வு (மூன்றாவது இமை) பாதிக் கண்ணை மறைப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள். பூனைக்குக் கண் அழற்சி வருவது பெரும்பாலும் ஹெர்பிஸ் வைரஸாலோ கிளமிடியா பாக்டீரியாவாலோதான். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டைப் போட்டால், புண் இருக்கும் கண்ணில் அது இன்னும் ஆழமாகும். ஃப்ளுவொரசீன் சாயத்தை ஒரு துளி விட்டு, நீல விளக்கில் பச்சையாக ஒளிர்கிறதா என்று பார்த்துத்தான் மருத்துவர் புண்ணைக் கண்டுபிடிப்பார். வெறும் கண்ணுக்கு அது பிடிபடாமலும் போகும்.

மதிப்பெண் 5-க்கு 4. அந்தப் பிசிறுக்கு ஒன்று கழித்தாயிற்று.