இளவேனிலில் பக்கத்திலேயே ஒரு சிற்றுலா: விடியல் நடையா, டென்ட்டா, சைக்கிளா, படகா?

குளிர்காலம் முடிந்து முதல் நல்ல வெயில் அடிக்கும் வாரக் கடைசியில் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான், எங்காவது வெளியே போய்விட்டு வர வேண்டும். நீண்ட விடுப்பு கிடையாது, தூரப் பயணமும் வேண்டாம், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் இடம் போதும். இந்த எல்லைக்குள் பெரும்பாலோர் யோசிப்பது நான்கு வழிகளை: விடியற்காலை நடை, ஓர் இரவு டென்ட், மூட்டை கட்டிக்கொண்டு சைக்கிளில் போய் ஓர் இரவு தங்கி வருவது, ஏரியிலோ ஆற்றிலோ சிறு படகு.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இளவேனிலின் முதல் பாதியில் விடியல் நடைக்கு ஈடு எதுவும் இல்லை. இரவு வெளியே தங்கியே ஆக வேண்டும் என்றால், கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே டென்ட். சைக்கிள் அதற்குப் பிறகு. படகு கடைசி. பகல் வெயில் இளவேனிலுக்கு வந்துவிட்டாலும் மண்ணும் தண்ணீரும் இரவும் இன்னும் குளிர்காலத்திலேயே நிற்கின்றன என்பதுதான் இந்த வரிசைக்குக் காரணம். அந்த மூன்றோடு எவ்வளவு குறைவாக உறவு வைத்துக்கொள்கிறோமோ, அந்த அளவுக்குப் பயணம் உருப்படும்.

விடியல் நடை

முந்தைய இரவு அரை மணி நேரம் ஒதுக்கினால் பை தயார். ஒன்றரை லிட்டர் தண்ணீர், நடந்தபடியே சாப்பிடக்கூடிய ஏதாவது, மழை ஜாக்கெட், கூடுதலாக ஒரு மேலாடை, மாற்றுச் சாக்ஸ், ஹெட்லேம்ப், வரைபடம். எல்லாம் சேர்ந்து நான்கு கிலோவுக்குள் அடங்கிவிடும். வானிலை கெட்டால் பாதியிலேயே திரும்பலாம், இழப்பு ஒன்றுமில்லை. மற்ற மூன்றிலும் இந்தச் சுதந்திரம் கிடையாது.

தூரத்துக்கும் நேரத்துக்கும் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த விதி இன்றும் கைகொடுக்கிறது. சமதளத்தில் 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 8 கி.மீ. பாதையில் மொத்தம் 300 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இது நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. சேறும், வேடிக்கை பார்த்து நிற்பதும் சேரும்போது ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள், மூன்று மணி நேரத்தைத் தாண்டும். முதல் முறை போகிறவர்களுக்கு இந்த அளவு போதும்.

ஏன் விடியலில்? பறவைகளின் காலைப் பாட்டு சூரிய உதயத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். காற்று அடங்கியிருக்கும் அந்த நேரத்தில் குரல் வெகுதூரம் கேட்கும். இலையுதிர் காடுகளில் கிளைகள் இன்னும் மொட்டையாக இருப்பதால் பாடும் பறவையைக் கண்ணாலும் பார்த்துவிடலாம். இலை மூடிவிட்டால் குரல் மட்டும்தான் மிஞ்சும். தரையிலும் இதே அவசரம் நடக்கிறது. மேலே மரங்கள் இலைவிட்டு நிழல் கட்டுவதற்குள் கிடைக்கும் சில வார வெயிலில், காட்டுத் தரைச் செடிகள் முளைத்து, பூத்து, காய்த்து முடித்தாக வேண்டும். குனிந்து பார்த்தால் தெரியும்: போன வருடத்துச் சருகை ஊசிபோல் குத்தித் துளைத்து, அந்தச் சருகையே கழுத்துப்பட்டையாக மாட்டிக்கொண்டு நிற்கும் இளம் இலைகள். இவற்றில் பல பூக்கள் குளிரில் மூடியிருந்து, வெயில் ஏறிய பிறகே விரியும். ஆகவே போகும்போது காது வேலை செய்யட்டும், திரும்பும்போது கண். ஒரே பாதையில் போய் அதே பாதையில் திரும்புவது வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கெட்டுப்போவது எங்கே? முதலில் உடை. ஒரு நாளின் மிகக் குறைந்த வெப்பநிலை பெரும்பாலும் சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான் வரும். அதற்குப் பயந்து எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிளம்பினால் முதல் ஏற்றத்திலேயே வியர்த்து நனைந்து, பிறகு நிற்கும்போதெல்லாம் நடுங்க வேண்டியிருக்கும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. உடம்பை ஒட்டிய துணி பருத்தி வேண்டாம், அது நனைந்தால் எளிதில் காயாது. அடுத்து, பனி உருகி ஓடும் ஓடைகள். காலையில் கணுக்கால் அளவில் தாண்டிய ஓடை, மதிய வெயிலில் மலைப்பனி உருகி மாலைக்குள் முழங்காலுக்கு ஏறியிருக்கும். விடியலில் போய் மதியத்துக்குள் திரும்புகிறவருக்கு இந்தத் தொல்லை குறைவு. சேறு வந்தால் ஓரத்துப் புல்லில் ஒதுங்காமல் நடுவிலேயே மிதித்துப் போங்கள். ஒவ்வொருவரும் ஒதுங்க ஒதுங்க ஓர் அடிப் பாதை மூன்று அடியாக அகன்று, முளைக்க வேண்டிய செடியெல்லாம் மிதிபட்டுப் போகிறது.

உண்ணிகளை மறக்கக் கூடாது. வெப்பநிலை உறைநிலைக்கு மேல் சில டிகிரி ஏறினாலே அவை உயரமான புல்லின் நுனியில் காத்திருக்கும். பேன்ட்டின் கால்நுனியைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், தொடையிடுக்கு, அக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவதும் சூடு வைப்பதும் வேண்டாம். பிறகு சில வாரங்களுக்குள் தோலில் விரியும் சிவப்போ காய்ச்சலோ வந்தால், உண்ணி கடித்ததைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

ஓர் இரவு டென்ட்

இதற்கு ஆகும் நேரத்தை நேர்மையாகக் கூட்டிப் பாருங்கள். எடுத்து வைக்க இரண்டு மணி நேரம், டென்ட் அடித்துச் சமைக்க இரண்டு மணி நேரம், காலையில் பிரித்து மடிக்க ஒரு மணி நேரம், வீட்டில் மறுபடியும் விரித்துக் காயப்போட ஒரு பொழுது. ஈரத்தோடு சுருட்டி மூலையில் வைத்த டென்ட் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். இவ்வளவுக்கும் ஈடாகக் கிடைப்பது அந்தி, இரவு, விடியல் மூன்றும் ஒரே இடத்தில். அது பெரிய வரவுதான், இரவில் தூக்கம் வந்தால்.

தூக்கத்தைக் கெடுப்பது காற்றைவிடத் தரை. ஸ்லீப்பிங் பேகில் எவ்வளவு பணம் போட்டாலும், உடம்புக்கு அடியில் சிக்கும் பஞ்சு நசுங்கிவிடுவதால் கீழ்ப்பக்கம் வெப்பம் தங்காது. அங்கே காப்பது அடியில் விரிக்கும் மேட் மட்டுமே. மேட்டின் வெப்பக் காப்பை ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிக்கிறார்கள். இளவேனில் தரைக்கு 3-க்குக் குறையாமல், உறைபனி விழும் என்றால் 4-க்குப் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு மேட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் எண்கள் கூடும். 2 மதிப்புள்ள ஃபோம் மேட்டின் மேல் காற்றடைத்த 2 வைத்தால் 4. தடிமனான சாதாரண ஏர் பெட்டைக் கொண்டுபோய் நடுங்குகிறவர்கள் ஏராளம். உள்ளே இருக்கும் காற்று சுழன்று சுழன்று உடம்புச் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும்.

ஸ்லீப்பிங் பேகில் ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரப்படி சௌகரியம், வரம்பு, உச்சம் என மூன்று வெப்பநிலைகள் போட்டிருக்கும். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் வரம்பு, அதாவது சுருண்டு படுத்து இரவை ஓட்டிவிடக்கூடிய அளவு. உச்சம் என்பது உயிர் பிழைப்பதற்கானது, தூங்குவதற்கானதல்ல. சௌகரிய எண்ணை மட்டும் பாருங்கள். அது முன்னறிவிப்பு சொல்லும் குறைந்தபட்ச வெப்பநிலையைவிட ஐந்து டிகிரி கீழே இருந்தால் நிம்மதி. முன்னறிவிப்பு பக்கத்து ஊருக்கானது என்றால் உயரத்தையும் கழிக்க வேண்டும், 1000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி.

இடம் பார்ப்பதில்தான் பாதி வெற்றி. ஓடையோரத்துப் பள்ளமான புல்வெளி கண்ணுக்கு அழகு. ஆனால் மேகமில்லாத இரவில் குளிர்ந்த காற்று கனமாகி வழிந்து அங்கேதான் தேங்கும். பள்ளத்திலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் ஏறினாலே வித்தியாசம் தெரியும். தலைக்கு மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று பாருங்கள். குளிர்காலப் புயலில் முறிந்து பாதியில் சிக்கி நிற்பவை முதல் பலத்த காற்றில் விழும்.

காலையில் டென்ட்டின் உட்சுவர் நனைந்திருந்தால் மழை ஒழுகிவிட்டது என்று பதற வேண்டாம். இரவு முழுக்க நீங்கள் விட்ட மூச்சுதான் அது. ஒருவரே சில நூறு மில்லி நீரை மூச்சிலும் தோலிலுமாக வெளியேற்றுகிறார். குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினால் அவ்வளவும் துணியில் படியும். மேலேயும் கீழேயும் காற்று வழியை ஒரு சாண் அளவுக்குத் திறந்து வையுங்கள்.

கேஸ் அடுப்பு காலையில் சோம்பினால் சிலிண்டரின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். வெறும் பியூட்டேன் என்றால் அதன் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி, அதற்குக் கீழே வாயுவாக மாறாது. எரிய எரிய சிலிண்டர் தானாகவும் குளிர்வதால் வெளியே 4, 5 டிகிரி இருக்கும்போதே தீ மங்கிவிடும். ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த சிலிண்டரை வாங்கி, இரவில் அதை ஸ்லீப்பிங் பேகுக்குள் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர் தாங்கவில்லை என்று அடுப்பையோ கரி அடுப்பையோ மட்டும் டென்ட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, அணைந்தது போலத் தெரியும் கரியிலிருந்தும் அது வரும். வெளியே மூட்டும் தீயிலும் கவனம் வேண்டும். புதுப் பசுமை வருவதற்கு முன் தரையெங்கும் போன வருடத்துக் காய்ந்த புல்தான், பொறி பட்டால் ஓடிப் பிடிக்கும்.

ஈரத் தரைக்கு மாற்று, மரங்களுக்கு நடுவே கட்டும் ஹேமக் என்ற தொங்கு படுக்கை என்பார்கள். பாதி சரி. நான்கைந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு உறுதியான மரங்கள், 30 டிகிரி கோணத்தில் தொங்கும் பட்டைகள், குறுக்காகச் சாய்ந்து படுக்கை என்று அமைந்தால் முதுகுக்கு இதமானது. ஆனால் அடியில் ஓடும் காற்று தரையைவிட மோசம். கீழே கட்டும் அண்டர்குவில்ட் என்ற கனத்த போர்வை இல்லாமல் இந்தப் பருவத்தில் வேண்டாம். உயிர்ச்சாறு ஏறும் காலத்தில் மரப்பட்டை இளகி எளிதில் உரியும் என்பதால், கயிற்றைத் தவிர்த்து 2.5 செ.மீ.க்குக் குறையாத அகலப் பட்டையையே சுற்றுங்கள்.

சைக்கிளில் ஓர் இரவு

டென்ட்டின் எல்லாச் சிக்கலும் இதில் உண்டு, கூடவே எடையும் காற்றும். பத்துப் பன்னிரண்டு கிலோ மூட்டையோடு சராசரி வேகம் மணிக்கு 15 கி.மீ. என்று வையுங்கள், எதிர்காற்றில் அது பத்துக்கு இறங்கும். முதல் பயணத்துக்கு ஒரு வழி 30 கி.மீ.க்கு மேல் வேண்டாம். இரண்டு நாளும் காற்று ஒரே திசையில் இருக்கும் என்றால், தெம்பாக இருக்கும் முதல் நாள் எதிர்காற்றில் போய், மறுநாள் காற்றோடு திரும்பும் ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

சைக்கிள் குளிர்காலம் முழுக்க நின்றிருந்தால் கிளம்பும் அன்று காலையில் காற்றை மட்டும் அடித்துவிட்டு ஏறாதீர்கள். ட்யூப்லெஸ் டயர் என்றால் உள்ளே ஊற்றிய சீலன்ட் சில மாதங்களில் காய்ந்திருக்கும், முள் குத்தினால் அடைக்காது. செயினைத் துடைத்து எண்ணெயிடுங்கள். ரிம் பிரேக் கட்டைகளில் மணல் பதிந்திருந்தால் ஊசியால் கிளறி எடுங்கள், இல்லாவிட்டால் ரிம்மை அறுத்துவிடும். சாலையோரத்தில் குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்கத் தூவிய சரளை இன்னும் கிடக்கும், வளைவுகளில் அதில்தான் சறுக்கி விழுகிறார்கள். இறக்கத்துக்கு முன் நின்று காற்று புகாத ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்யத் தயாரானவர்களுக்கு, வீட்டு வாசலிலிருந்தே பயணம் தொடங்குவது தனி மகிழ்ச்சி.

படகு

காற்று 20 டிகிரி, தண்ணீர் 8 டிகிரி: இளவேனிலின் மிக ஆபத்தான சேர்க்கை இது. 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென்று விழுந்தால் முதலில் தாக்குவது உடல் குளிர்ந்துபோவது அல்ல, அடக்க முடியாத மூச்சுத் திணறல். அந்த முதல் மூச்சைத் தண்ணீருக்குள் இழுத்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. கனடா நாட்டு ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சொல்லித் தருகிறார். மூச்சை அடக்க ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கும் பத்து நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டியிருப்பவருக்கே. படகின் அடியில் போட்டு வைத்த ஜாக்கெட் உதவாது.

போயே தீருவது என்றால் காற்றுக்கு ஏற்ற உடை போதாது, தண்ணீருக்கு ஏற்ற வெட்சூட் (நனைந்தாலும் சூடு காக்கும் உடை) அல்லது டிரைசூட் (நீர் புகாத உடை) வேண்டும். தனியாகப் போகாதீர்கள், கரையிலிருந்து நீந்தித் தொடும் தூரத்தைத் தாண்டாதீர்கள், போனை நீர்புகாத உறையில் உடம்போடு கட்டுங்கள். பனி உருகிச் சீறும் ஆற்றைத் தொடவே வேண்டாம். ஏரி நீரின் வெப்பம் காற்றைவிடப் பல வாரங்கள் பின்தங்கியே ஏறும், இறங்குவதும் அப்படியே. கோடை முடிந்து காற்று குளிரத் தொடங்கிய பிறகும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் நாட்கள் உண்டு, படகை அந்த நாட்களுக்கு எடுத்து வையுங்கள்.