வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் டின் இலக்கம்: ஒன்லைனா, கொழும்பு 2 கருமபீடமா, ஏஜன்டா?

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு வாங்கியிருக்கும் கனடாக்கார அண்ணா, சென்னையிலிருந்து வேலை ஒப்பந்தத்தில் வந்திருக்கும் மென்பொருள் பொறியியலாளர், இலங்கைக்காரரைக் கல்யாணம் செய்து இங்கேயே தங்கிவிட்ட சுவிஸ் தங்கச்சி. மூவருக்கும் இப்போது ஒரே கேள்விதான்: டின் இலக்கம், அதாவது உள்நாட்டு இறைவரித் திணைக்களம் கொடுக்கும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் (TIN), எடுக்க எந்த வழி நல்லது? இங்கே நடைமுறைக் கணக்கு திறக்க வேண்டும், வீட்டை வாடகைக்குக் கொடுக்க வேண்டும், சம்பளம் வாங்க வேண்டும் என்றால் ஏதோ ஒரு கட்டத்தில் அந்த ஒன்பது இலக்க எண்ணைக் கேட்பார்கள்.

முதலில் ஒரு பயத்தைத் தள்ளி வைப்போம். டின் எடுப்பது வேறு, வரி கட்டுவது வேறு. இலக்கம் எடுக்கக் கட்டணம் எதுவும் இல்லை. எடுத்ததாலேயே வரி வந்துவிடாது. வருமானம் எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் அது.

எந்த வழியில் போவது என்பதற்கு முன்னால், எந்த ஆவணத்தில் போவது என்று தீர்மானிக்க வேண்டும். புலம்பெயர்ந்த எங்கள் ஆட்களில் பலரிடம் பழைய 'வி' எழுத்து போட்ட அடையாள அட்டை இன்னும் இருக்கும். "தம்பி, பழைய ஐசி இருக்குத்தானே, அதையே போடுவமே?" என்று கேட்பார்கள். வேண்டாம் அண்ணா. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்து, இலங்கைக் குடியுரிமையை வைத்திருக்கவோ திரும்பப் பெறவோ விண்ணப்பிக்காதவர் சட்டப்படி இலங்கைப் பிரஜை இல்லை. அந்த அட்டையைக் காட்டிப் பதிவது பிழையான தகவல் கொடுப்பதாகும். நடைமுறையிலும் சிக்கல் வரும். வங்கிக் கணக்கு கனடாக் கடவுச்சீட்டில், டின் பழைய ஐசியில் என்றால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று யாருக்காவது நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இரட்டைக் குடியுரிமை எடுத்தவர் கதை வேறு. பத்தரமுல்லை சுகுறுபாயவில் இருக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் அந்த வேலையை முடித்து, புதிய அடையாள அட்டையும் எடுத்துவிட்டால் அதிலேயே பதியலாம். அதுதான் நீண்ட காலத்துக்கு நல்லது. கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் பெரும்பாலும் அதன் இலக்கம் மாறிவிடும், ஐசி இலக்கம் மாறாது. அதோடு, 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதற்குப் போட்ட கட்டுப்பாடு இரட்டைப் பிரஜைகளுக்கு இல்லை. காணி வாங்கும் யோசனை இருக்கிறவர் இரட்டைக் குடியுரிமையை முடித்துவிட்டு டின் எடுப்பதே புத்தி. வேலைக்கு வந்தவருக்கு அவ்வளவு காத்திருக்க முடியாது, தேவையும் இல்லை. கடவுச்சீட்டில் பதிந்தால் போதும்.

சரி, இப்போது வழிகள்.

ஒன்லைனில் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் தளத்துக்குப் போய், கடவுச்சீட்டு இலக்கத்தைக் கொடுத்து விண்ணப்பிக்கலாம். தகவல் பக்கம், விசாப் பக்கம், கொழும்பு முகவரியைக் காட்டும் ஏதாவது ஒன்று ஆகியவற்றைத் தெளிவாக ஸ்கான் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழியின் பெரிய நன்மை, மின்னஞ்சலும் கைத்தொலைபேசி இலக்கமும் உங்களுடையதாகவே பதிவாகும் என்பது. குறை என்னவென்றால், உங்கள் நிலைமை படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்காதபோது விளங்கப்படுத்த எதிரில் ஆள் இருக்க மாட்டார்.

அடங்காமல் போகும் இடம் அநேகமாகப் பெயர்தான். தமிழ்நாட்டிலிருந்து வரும் பலருடைய இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கும். முழுப் பெயரும் ஒரே வரியில் வந்திருக்கும். கனடா, லண்டன்காரருக்கு நேர்மாறு: அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக அச்சாகியிருக்கும், திருமணமான பெண்களுக்குச் சில வேளை கணவரின் பெயர். ஆனால் இங்கே உறவினர் எல்லோரும் அறிந்தது முதலெழுத்தோடு வரும் பெயரை. பெயரைப் பிரித்துக் கேட்கும் எந்தப் படிவத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடி, அதே எழுத்துக்கூட்டலில், அதே வரிசையில் நிரப்புங்கள். முதலெழுத்தை விரித்து எழுதுவது, அப்பாவின் பெயரைப் புதிதாகச் சேர்ப்பது எதுவும் வேண்டாம். வங்கியிலும் அலுவலகத்திலும் அதே வரிசையைக் கொடுங்கள். பிறகு வரும் தலையிடியில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

நேரில் போவதென்றால், தலைமை அலுவலகம் கொழும்பு 2, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் இருக்கிறது. ரீகல் தியேட்டர் இருக்கும் அதே வீதி; சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய தமிழரின் பெயர்தான் வீதிக்கு. கிளம்பும் முன் 1944க்கு ஒரு கோல் எடுத்து உங்கள் விசா வகைக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள். மூல ஆவணமும் போட்டோகொப்பியும் இரண்டுமே கையில் இருக்கட்டும். அரை நாளை இதற்கென்று ஒதுக்கிவிட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் சிக்கலான ஆட்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். முன்பு இங்கே வேலை செய்து, பிறகு வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவருக்குப் பழைய ஐசியில் ஏற்கெனவே ஒரு டின் இருக்கலாம். அதைப் பார்க்காமல் கடவுச்சீட்டில் இன்னொன்று எடுத்தால் ஒரே ஆளுக்கு இரண்டு இலக்கம் ஆகிவிடும். இந்தக் கதையைக் கருமபீடத்தில் வாயால் சொல்லிப் பழைய பதிவைத் தேடச் சொல்லலாம். ஒன்லைனில் அது நடக்காது. தமிழில் கேட்பதற்கும் தயங்க வேண்டாம். அரச அலுவலகத்தில் தமிழில் அலுவல் பார்ப்பது எங்கள் உரிமை.

மூன்றாவது, வேறு ஆளிடம் கொடுப்பது. இதில் இரண்டு விதம். வேலை விசாவில் வந்தவருக்குக் கம்பனியின் எச்.ஆர். பகுதியே செய்து கொடுத்தால் அதுதான் எல்லாவற்றிலும் இலகு. விசாப் பத்திரம், வேலைக் கடிதம் எல்லாம் அவர்களிடமே இருக்கும். சம்பளத்தில் மாதாமாதம் வரி கழிக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று, உங்களை வதிவாளராகக் கணக்கில் எடுத்திருக்கிறார்களா என்பது. வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அந்த ஆண்டுக்குள் தொடங்கும் அல்லது முடியும் ஏதாவது 12 மாதத்தில் 183 நாட்களோ அதற்கு மேலோ இங்கே இருந்தால் நீங்கள் வதிவாளர். 2025 ஏப்ரல் முதல் வதிவாளருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் நிவாரணம் உண்டு, அதாவது அந்தளவு வருமானத்துக்கு வரி இல்லை. வதிவாளரும் இல்லாத, பிரஜையும் இல்லாத ஒருவருக்கு அது இல்லை.

வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். மாதச் சம்பளம் 4 இலட்சம் என்றால் ஆண்டுக்கு 48 இலட்சம். 18 இலட்சம் போக மிச்சம் 30 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்து ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30 வீதம், மிகுதிக்கு 36 வீதம். கூட்டினால் ஆண்டுக்கு 6 இலட்சம், மாதம் 50,000 ரூபா. நிவாரணம் இல்லாமல் அதே வீதங்களில் போட்டால் மாதம் 1,04,000 ரூபா. அதனால் முதல் சம்பளச் சிட்டை வந்ததும் கழிவைப் பாருங்கள். கூடுதலாகத் தெரிந்தால் ஒப்பந்தக் காலத்தையும் விசாத் திகதிகளையும் காட்டி உடனே கேளுங்கள்.

இன்னொரு விதம், காசு கொடுத்து ஏஜன்டிடமோ கணக்காளரிடமோ கொடுப்பது. டின் ஒன்றுக்காக மட்டும் என்றால் எனக்கு இதில் விருப்பம் இல்லை. இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு போகிறது என்பதை விட, பதிவில் யாருடைய மின்னஞ்சல் போகிறது என்பதுதான் என் கவலை. எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு ஏஜன்ட் தன்னுடைய மின்னஞ்சலையே போட்டுவிட்டார். அவர் தொழிலை விட்டுப் போன பிறகு திணைக்களத்திலிருந்து வந்த எதுவும் அக்காவின் கைக்கு வரவில்லை. எல்லாவற்றையும் மாற்ற லண்டனிலிருந்து அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. வாடகை வருமானம் இருக்கிறது, இரண்டு நாட்டிலும் வரிப் படிவம் போட வேண்டும் என்கிறவருக்கு மட்டும் நல்ல கணக்காளர் அவசியம். பிரித்தானியா, கனடா, சுவிட்சர்லாந்து, இந்தியா போன்ற நாடுகளோடு இலங்கைக்கு இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கை இருக்கிறது. அதைச் சரியாகப் பாவிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அவரிடமும் மின்னஞ்சல் உங்களுடையது என்று முதலே சொல்லிவிடுங்கள்.

ஆகவே என்னிடம் கேட்டால், சென்னைப் பொறியியலாளர் கம்பனியிடமே விடலாம். சுவிஸ் தங்கச்சி விசா ஒழுங்காக இருந்தால் வீட்டிலிருந்தே ஒன்லைனில் முடிக்கலாம். கனடா அண்ணா பழைய ஐசியையும் கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு கொழும்பு 2க்கு நேரில் போக வேண்டும்.

இலக்கம் கிடைத்த பிறகு, புதிய கடவுச்சீட்டு எடுத்தாலோ முகவரி மாறினாலோ திணைக்களத்துக்கு அறிவியுங்கள். வருமான வரிக் கோப்பும் திறந்திருந்தால், மார்ச் 31இல் முடியும் ஆண்டுக்கான விபரத்திரட்டை அதே ஆண்டு நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்தாலும் திகதி அதுதான்.