உப்புக்காத்துல கன்வேயர் ரோலர் பேரிங்: அஞ்சாறு வருஷம் ஓட்டுனவன் சொல்றது

தேங்காப்பட்டணம் பக்கம் புதுசா மீன் ஷெட் போடுற நம்ம பய ஒருத்தன் வாட்சப்ல கேட்டிருந்தான், "அண்ணே நீங்க போட்ட அந்த ஸ்டீல் பேரிங் ரோலர் எப்படி இருக்கு, தைரியமா வாங்கலாமா"ன்னு. ஒத்த வரியில பதில் போட முடியாத கேள்வி மக்கா இது. அதுவும் போன வாரம்தான் கொஞ்சம் ரோலரை கழட்டி வெட்டி எறிஞ்சிட்டு வந்திருக்கேன், கையில கிரீஸ் நாத்தம் இன்னும் போகல, இந்த நேரம் பாத்து கேட்டா வாயில என்ன வரும்னு எனக்கே தெரியாது. அதான் கொஞ்சம் பெருசா எழுதுறேன், பொறுமை இருக்கவங்க படிங்க.

குளச்சல் பக்கம் எங்க ஷெட்டுல ரெண்டு லைன் கெடக்கு. ஒண்ணு பெல்ட்டு, இறக்குற மீன் க்ரேட்டை மேட்டுக்கு தூக்கிட்டு போறது. இன்னொண்ணு மோட்டார் இல்லாத சரிவு லைன், க்ரேட் தன்னால உருண்டு எடை போடுற இடத்துக்கு வந்துரும். ரெண்டுலயும் ஒரே கம்பெனி ரோலர்தான், பேரு வேண்டாம். ஸ்பெக் சொல்லிருதேன், ஈஆர்டபிள்யூ பைப்பு (தகட்டை சுருட்டி வெல்டு அடிச்சது), ரெண்டு முனையிலயும் தகட்டை அழுத்தி எடுத்த ஹவுசிங், அதுக்குள்ள பேரிங் (ரெண்டு வளையத்துக்கு நடுவுல குண்டு உருளும், அதனால ரோலர் லேசா சுத்தும்), வெளிய நைலான் லேபிரிந்த் சீல் (வளைஞ்சு போற இடுக்கு வெச்சி அழுக்கை தடுக்கற மூடி). பேரிங் நம்பர் பெல்ட் லைன்ல 6204, சரிவு லைன்ல 6201. பய நம்பரைப் பாத்து குழம்பிட்டான், அதனால சொல்றேன், கடைசி ரெண்டு எண்ணை அஞ்சால பெருக்கினா ஷாஃப்ட் (பேரிங் நடுவுல போற கம்பி) சைஸ், 04னா 20 மில்லி, 05னா 25. ஆனா இந்த கணக்கு 04ல இருந்துதான் செல்லும், 01னா 12 மில்லி, 5 மில்லின்னு நெனச்சி ஷாஃப்ட் கடைஞ்சிராத.

நல்லத மொதல்ல சொல்லிருதேன், இல்லேன்னா கோவத்துல விட்டுரும். சத்தமே இல்ல. இதுக்கு முன்னாடி கெடந்த பழைய லைன்ல திறந்த பேரிங், குண்டு வெளிய தெரியும், ஓட ஆரம்பிச்சா ஏலம் விடுறவன் தொண்டை கிழிய கத்தணும். இது வந்த பிறகு பெல்ட்டு ஓடுதா நிக்குதான்னு க்ரேட்டை பாத்துதான் தெரிஞ்சிக்கிடணும். லோடு விஷயத்துலயும் ஒரு குறை சொல்ல முடியாது. 6204க்கு கேட்டலாக்ல டைனமிக் ரேட்டிங் (சுத்தற பேரிங்குக்கு உள்ள பாரக் கணக்கு) 13 கிலோநியூட்டன் பக்கம் போட்டிருப்பான், அதாவது ஆயிரத்து முந்நூறு கிலோ சொச்சம், நம்ம ஐஸ் போட்ட க்ரேட்டு மிஞ்சி மிஞ்சிப் போனா 40 கிலோ, அதையும் மூணு ரோலர் பங்கு போட்டு தாங்குது, ரோலருக்கு ரெண்டு பேரிங். பால் பேரிங்ல லோடு பாதியானா ஆயுசு எட்டு மடங்கு கூடும்னு கணக்கு, அந்த கணக்குப்படி பாத்தா என் பேரன் காலத்துலயும் இது ஓடிட்டு இருக்கணும். பாரம் தாங்காம செத்த பேரிங் ஒண்ணு கூட நான் இது வரைக்கும் பாக்கல.

பின்ன எதுல சாவுதுன்னா, சும்மா நிக்கறதுல சாவுது.

நம்ம மேற்கு கரையில ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் விசைப்படகுக்கு தடைக்காலம், 61 நாள். கிழக்கு கரை கணக்குல வர்ற சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15லயே ஆரம்பிச்சி ஜூன் 14ல முடிஞ்சிரும், அவனுக்கு வெயில் காலம். நமக்கு சரியா தென்மேற்கு பருவமழை, ஆனி ஆடி சாரல், காத்துல கைய நீட்டுனா உப்பு ஒட்டும். சின்ன வள்ளம் போகத்தான் செய்யும், ஆனா வள்ளத்து மீனுக்கு யாரு இவ்ளோ பெரிய பெல்ட்டை ஓட்டுவா, தலைச்சுமையா தூக்கிட்டு போயிருவாங்க. ஆக லைன் ரெண்டு மாசம் அசையாம கெடக்கும். அதுக்கு முன்னாடி ஏப்ரல் மே மாசத்துல கள்ளக்கடல் வேற ஏறி வரும், காத்தும் கிடையாது மழையும் கிடையாது, எங்கயோ தெக்க அடிச்ச புயலோட அலை நம்ம கரையில வந்து ஏறும். கீழ இருக்க ரோலர் எல்லாம் அதுல ஒரு தடவ முங்கி எழும்பும். முங்கின ரோலர் ஓடிட்டு இருந்தா கூட கொஞ்ச நாள் தாங்கிரும், முங்கி எழும்பி அப்படியே நிக்குது பாருங்க, அதுதான் எமன்.

போன வாரம் கழட்டுனதுல ஒண்ணை தக்கலை லேத்து அண்ணன்கிட்ட கொண்டு போய் பேரிங்க வெட்டி பாத்தோம். 6204ல எட்டு குண்டு. குண்டு ஓடுற உள்ள தடத்துல சரியா எட்டு துருக்கோடு, குண்டு நின்ன இடத்துக்கு நேரா ஒண்ணொண்ணு, அளவெடுத்து போட்ட மாதிரி. நடுவுல இருக்க இடம் எல்லாம் பளபளன்னு கண்ணாடியா கெடக்கு. கிரீஸ் பழுப்பா இருக்க வேண்டியது வெளுத்துப் போய் தளதளன்னு இருந்தது, உள்ள வெள்ளம் (எங்க ஊருல தண்ணிய அப்படித்தான் சொல்லுவோம்) கலந்தாச்சுன்னு அர்த்தம். ஓடுற பேரிங்ல குண்டு உருண்டுட்டே கிரீஸ எல்லா இடத்துலயும் தடவிட்டு போகும், நின்ன பேரிங்ல குண்டுக்கும் தடத்துக்கும் நடுவுல இருக்க கிரீஸ் பிதுங்கி வெளிய போயிரும், அந்த ஊசி முனை இடத்துல உப்பு வெள்ளம் ஒரு சொட்டு வந்து உக்காந்தா போதும். பொறவு ஆகஸ்ட்ல ஓட்டுனா ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு கோட்டுல ஏறி இறங்கும், கடகடன்னு ஒரு தாளம் கேக்கும், கொஞ்ச நாள்ல தடம் செதில் செதிலா பேந்து, அப்புறம் இறுகி நின்னுரும்.

ரோலர் நின்னா என்ன, ஒண்ணு ரெண்டுதானேன்னு கேப்பீங்க. நின்ன ரோலர் மேல பெல்ட்டு உரசிட்டே போகும், பைப்பு ஒரே இடத்துல தேஞ்சு தேஞ்சு தகடு மெலிஞ்சு கடைசில ஓட்டை விழும், அந்த ஓட்டையோட விளிம்பு அரிவாளை விட கூர்மை. பெல்ட்டை நெடுக கிழிச்சிட்டு போயிரும். தடை முடிஞ்சி மொத மொத படகு வர்ற வாரம், கணவாயும் நவரையும் வந்து குவிஞ்சி கெடக்கு, ஏலக்காரன் வாட்ச்சை பாக்கான், ஐஸ் உருகுது, அந்த நேரத்துல பெல்ட்டு கிழிஞ்சா எப்படி இருக்கும்? அதான் போன வாரம் நடந்தது. இந்த ரிவ்யூல கோவம் கொஞ்சம் தூக்கலா இருந்தா அதுக்கு அதுதான் காரணம், பேரிங் பாவம்.

"க்ரோம் ஸ்டீல்தானே அண்ணே, அது துரு பிடிக்குமா"ன்னு பய கேட்டான். பிடிக்கும். பேரிங் செய்ற ஸ்டீல்ல குரோமியம் ஒன்றரை சதவீதம் பக்கம்தான், அது உள்ள வரைக்கும் கடினமாக்கறதுக்கு போடுறது. துரு பிடிக்காம இருக்கணும்னா பத்தரை சதவீதத்துக்கு குறையாம வேணும், அதுதான் ஸ்டெயின்லெஸ். எஸ்கேஎஃப், எஃப்ஏஜி, என்பிசி எந்த டப்பால வந்தாலும் சாதா பேரிங்னா இதே ஸ்டீல்தான். ஆக டப்பா மாத்தி டப்பா வாங்கி ஒரு புண்ணியமும் இல்ல. ஆனா ரொம்ப மலிவா யாராவது நீட்டுனா போலியா இருக்கும், அதையும் பாத்துக்கோங்க.

இப்போ எனக்கு தீராத எரிச்சல் ஒண்ணு இருக்கு, அதுக்கு வர்றேன். இந்த ரோலர் மேல "மெயின்டனன்ஸ் ஃப்ரீ"ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வருது. சீல் பண்ணின பேரிங், கிரீஸ் அடிக்க வேண்டாம், ஆயுசுக்கும் கவலை இல்லன்னு அர்த்தமாம். லேய், கவலை இல்லன்னா எதுக்குடே ஹவுசிங்க பைப்போட சேத்து வெல்டு அடிச்சி, ஷாஃப்டையும் வெளிய எடுக்க முடியாம முனையை அடிச்சி மடிச்சி வெச்சிருக்க? பேரிங் போச்சுன்னா பேரிங்க மட்டும் மாத்த வழியே இல்ல, ரோலரையே கடாசணும். நல்ல பைப்பு, நல்ல ஷாஃப்ட், நல்ல சீல், எல்லாத்தையும் ஒரு துருக்கோட்டுக்காக ஆக்கர் கடைக்கு, பழைய இரும்புக்கு போட மனசு வருமா? ரெண்டு பேரிங் விலை, புது ரோலர் விலையில கால் பங்கு கூட வராது. போன்ல கேட்டா கோயம்புத்தூர்ல இருந்து அந்த கம்பெனி தம்பி சிரிச்சிட்டே சொல்லுது, "சார், சால்ட் வாட்டருக்கு வாரண்டி கவர் ஆகாது, புது செட்டு ஒரு வாரத்துல அனுப்பிடுறோம்"னு. அனுப்புவ, ஏன் அனுப்ப மாட்ட.

லேத்து அண்ணன் மடிச்ச முனையை கடைஞ்சி எடுத்து, ஷாஃப்ட்ல காடி வெட்டி, சர்க்கிளிப் (காடியில மாட்டுற கழட்டக்கூடிய வளையம்) போட்டு சிலதை மாத்தி குடுத்தாரு. ஓடுது. ஆனா சொன்னாரு, தகட்டு ஹவுசிங்ல இருந்து ஒரு தடவ பேரிங்க உருவுனா அந்த பிடி தளந்துரும், ரெண்டாவது தடவ உருவாத, வெளி வளையமே ஹவுசிங்குள்ள சுத்த ஆரம்பிச்சிரும்னு. மாத்தும்போது சி3ன்னு குறி போட்ட பேரிங் கேட்டு வாங்குனாரு. உள்ள குண்டுக்கு கொஞ்சம் கூடுதல் இடைவெளி இருக்கும், தகட்டு ஹவுசிங் சுத்தி இறுக்கினாலும், ரெண்டு முனை ஹவுசிங்கும் ஒரே நேர்ல இல்லாம போனாலும் அது தாங்கிக்கிடும். சாதா கிளியரன்ஸ் போட்டா புதுசுலயே கையில சுத்த கனமா இருக்கும்.

சரிவு லைன் கதை வேற. அதுல பிரச்சனை துரு இல்ல, சீல்தான். ரப்பர் சீல், 2ஆர்எஸ்னு போட்டிருக்கும், உள் வளையத்தை தொட்டுட்டே இருக்கும், வெள்ளம் போகாது, சரி, ஆனா அந்த உரசல் இருக்கே. நெறஞ்ச க்ரேட்டு ஜம்முன்னு போகும். காலி க்ரேட்டு பாதி வழியில நின்னு வேடிக்கை பாக்கும். ஒருத்தன் நின்னு குச்சியால தள்ளணும். தகட்டு மூடி போட்ட டபுள் இசட் போட்டா உரசல் இல்ல, காலி க்ரேட்டும் ஓடும், ஆனா மூடிக்கும் வளையத்துக்கும் நடுவுல இடைவெளி, உப்பு நேரா உள்ள. சரிவை கூட்டலாம், கூட்டினா நெறஞ்ச க்ரேட்டு வேகமா வந்து கடைசில நிக்கறவன் முட்டிய பேக்கும். ரெண்டு பக்கமும் அடிதான். கடைசில 2ஆர்எஸ்ஸே இருக்கட்டும்னு விட்டுட்டு, குச்சி வெச்சிட்டு ஒரு பையனை நிறுத்தியாச்சு. ரோலர் இடைவெளி மட்டும் கணக்கா வைங்க, க்ரேட்டுக்கு அடியில எப்பவும் மூணு ரோலராவது இருக்கணும், 60 சென்டி க்ரேட்டுன்னா ரோலருக்கு ரோலர் 20 சென்டிக்கு மேல போகக்கூடாது, இல்லேன்னா மூக்கு குத்தி விழும்.

கழுவுறதுல ஒரு விஷயம். சாளை வர்ற சீசன்ல செதில் பறந்து லேபிரிந்த் இடுக்குல ஒட்டும், காஞ்சி இறுகும், அதுக்குள்ள ஈரம் நிக்கும். அதை எடுக்கறேன்னு பயலுவ பிரஷர் வாஷர எடுத்து நேரா ரோலர் முனையில பீச்சுவானுவ. எந்த ரப்பர் சீலும் அந்த அடிய தாங்க செய்ததில்ல. சாதா ஹோஸ் வெச்சி, உப்பு இல்லாத வெள்ளம், மேல இருந்து கீழ, கழுவி முடிச்ச உடனே பெல்ட்டை சும்மா ஓட்டி விட்டா வெள்ளம் உதறிப் போயிரும். தடைக்காலத்துலயும் அதேதான், வாரத்துல ரெண்டு தடவ வாட்ச்மேன் அண்ணாச்சி சுவிட்சை போட்டு கொஞ்ச நேரம் வெறும் பெல்ட்டை ஓட்டுனா குண்டு இடம் மாறும், கிரீஸ் மறுபடி பரவும். கரண்ட் பில்லுல அது ஒரு தூசு. இதை அந்த ஸ்டிக்கர் ஒட்டின புண்ணியவானுவ ஒரு தாள்ல அச்சடிச்சி கூட அனுப்பல, லேத்து அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

கள்ளக்கடல் எட்டுற கடைசி கொஞ்ச ரோலருக்கு மட்டும் பிளாஸ்டிக் பேரிங், ஸ்டெயின்லெஸ் குண்டு போட்டது வாங்கி மாட்டி பாத்தேன். துரு கிடையாது, கிரீஸே கிடையாது, வெள்ளத்துல முங்குனாலும் கவலைப்படாது. ஆனா சத்தம் போடும், சுத்தறதுல ஒரு ஆட்டம் இருக்கும், ஐஸ் கட்டிய மேல இருந்து தொப்புன்னு போட்டா வளையம் விரிஞ்சிரும். முழு ஸ்டெயின்லெஸ் பேரிங்னு விசாரிச்சேன், வெலையைக் கேட்டுட்டு போனை வெச்சிட்டேன். அதுலயும் 440சின்னு வர்றது கடல் வெள்ளத்துக்கு முழுசா தாங்காதாம், புள்ளி புள்ளியா அரிக்குமாம், அப்புறம் எதுக்கு அந்த காசு.

ஆக, மார்க் போடச் சொன்னா பத்துக்கு எட்டு போடுவேன். பாரத்துக்கு அசராத பேரிங், சத்தம் இல்லாத ஓட்டம், சரியா ஓட்டிட்டே இருந்தா மேல்பக்க ரோலர் எல்லாம் வாங்குன நாள்ல இருந்து இன்னும் அதேதான் ஓடுது, ஒண்ணைக் கூட தொடல. இவ்ளோ சொல்லிட்டு, இன்னைக்கு தேதியில பயகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா, வாங்காதடேன்னு சொல்லிட்டேன். அந்த கம்பெனிகிட்ட வாங்காத. இதே ரோலரை முனை மடிக்காம, சர்க்கிளிப் போட்டு, பேரிங் கழட்டுற மாதிரி எவன் பண்ணி தாரானோ அவன்கிட்ட வாங்கு, ஒரு அம்பது ரூபா கூட கேட்டாலும் குடு. ஐஎஸ் 8598 படி செஞ்சதான்னு கேளு, அது பெல்ட் கன்வேயர் ரோலருக்கு உள்ள இந்திய தரம், அந்த நம்பரை கேட்டதும் முழிக்கறவன்கிட்ட இருந்து எழும்பி வந்துரு. சாம்பிள் ஒண்ணு வாங்கி ரெண்டு முனையும் கண்ணால பாத்துட்டுதான் அட்வான்ஸ் போடணும், போட்டோவ நம்பாத. சரிவு லைனுக்கு குச்சி வெச்ச பையன் ஒருத்தன் சம்பளத்தையும் பட்ஜெட்டுல சேத்துக்கோ.