ராம்பிஸா, கிரீனா?

80-ஸ் லேக்கர்ஸ் (அமெரிக்க NBA கூடைப்பந்து டீம்) மேட்ச் புதுசா பாக்குறவங்க, ஸ்டார் பிளேயர்ஸ் மேஜிக் ஜான்சன், கரீம் அப்துல்-ஜப்பார் பக்கத்துல நின்னு உழைச்ச கர்ட் ராம்பிஸ், ஏ.சி. கிரீன் ரெண்டு பேர்ல யாரை மொதல்ல பாக்குறதுன்னு குழம்புறாங்க.

அடி தாங்குறது
ராம்பிஸ்: 1984 ஃபைனல்ஸ் 4வது கேம்ல எதிர் டீம் பாஸ்டனோட மெக்ஹேல் இவரு கழுத்துல கை போட்டு கீழ தள்ளினதும் அந்த தடிச்ச கருப்பு கண்ணாடியோட எந்திரிச்சு மோதப் போனாரு பாருங்க, எனக்கு இன்னிக்கும் நெஞ்சு படபடக்கும்.
கிரீன்: 1985ல வந்தாரு, சத்தமில்லாத ரீபவுண்ட் (கூடையில விழாம திரும்புற பந்தைப் புடிக்கிறது).

நீடிச்சு நிக்கிறது
கிரீன் தான், பேச்சே இல்ல. தொடர்ந்து 1192 கேம், இன்னும் உடையாத ரெக்கார்டு.

கோப்பை
ராம்பிஸ் 4, கிரீன் 3.

ஆக்ரோஷம் புடிச்சா 84 ராம்பிஸ், ஒருநாள் விடாம வேலைக்கு வர்ற ஆளு புடிச்சா கிரீன். ரெண்டும் வேணும்னா 87, 88 ஃபைனல்ஸ் போடுங்க, ஒரே டீம்ல இருந்தாங்க.