ஆறு பேனல், பதினான்கு மாதம்: ஒரு பட்டறைக்காரன் கணக்கு

விருதுநகரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். போன வருஷம் வீட்டு மாடியில் 540 வாட் மோனோ (ஒரே படிகச் சிலிக்கான்) சோலார் பேனல் ஆறு போட்டேன். செலவு 1,95,000 ரூபாய். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 78,000 மானியம் வந்தது. பதினான்கு மாதம் ஓடிவிட்டது, இனி எழுதலாம்.

பேனல் நல்ல சரக்கு. மாட்டிவிட்டுப் போனவர்கள் கதை வேறு.

விற்க வந்த தம்பி, "இது மோனோ அண்ணாச்சி, கறுப்பா இருக்கும். பாலி நீலமா இருக்கும்" என்றதோடு முடித்துக்கொண்டார். பாலி என்றால் பல படிகம் சேர்ந்தது. கேஜ் (தடிமன்) கேட்காமல் தகடு வாங்கிப் பழக்கமில்லை எனக்கு. நச்சரித்ததில், குடோனில் நொறுங்கிக் கிடந்த பேனலிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக் கொடுத்தார். பசை ஒட்டியிருந்ததால் மைக்ரோமீட்டரில் சரியாக அளக்க முடியவில்லை. வெயிலைக் கரண்டாக்கும் அந்தச் சிலிக்கான் சில்லு, அதாவது செல், வெறுமனே 0.17 மில்லிமீட்டர் வாக்கில்தான் இருக்குமாம். விரலால் லேசாக அழுத்தினேன், அப்பளம் மாதிரி பொடிந்தது.

இந்தச் செல் வரும் வழியைக் கேட்டால் 25 வருஷ வாரண்டி மேல் மரியாதை வரும். மூலப்பொருள் ஆற்று மணல் இல்லை, குவார்ட்ஸ் கல். அதைக் கரியோடு மின் உலையில் போடுகிறார்கள். நான் தினமும் ராடு முனையில் பிடிக்கிற அதே ஆர்க், அளவுதான் ராட்சசத்தனம். கரி ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, சிலிக்கான் மிஞ்சும். சுத்தம் 98, 99 சதவீதம். அலுமினியத்தில் கலக்க அது போதும், கரண்ட் எடுக்கப் போதாது. ஹைட்ரஜன் குளோரைடோடு சேர்த்து எளிதில் ஆவியாகும் திரவமாக்கி, சாராயம் காய்ச்சுவதுபோல வடித்து, திரும்பச் சிலிக்கானாக்குகிறார்கள். அப்புறம் 1414 டிகிரிக்கு மேல் உருக்கி, சின்ன விதைப் படிகத்தை அதில் தொட்டு, சுற்றிக்கொண்டே மெல்ல மேலே இழுத்தால் உருட்டுக்கட்டையாக ஒரே படிகம் வளரும். சோக்ரால்ஸ்கி என்ற போலந்துக்காரர் 1916-இல் கண்ட முறை. அந்தக் கட்டையைப் பட்டை தீட்டி, வைரக் கம்பியால் சீவுகிறார்கள். உருளையில் முழுச் சதுரம் எடுத்தால் சேதாரம் கூடும். அதனால் மூலையை மழுங்கலாகவே விட்டுவிடுகிறார்கள். ஆக, மோனோவா என்று பார்க்க நிறத்தைவிட மூலையைப் பாருங்கள். இப்போது வரும் செல்லில் மழுங்கல் சின்னது, குனிந்துதான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு வந்த செல் மேல், கிளாம்ப் முடுக்க வந்த பையன் ஷூ காலோடு ஏறி நின்றான். கண்ணாடி தாங்கிவிட்டது. அடியில் இருக்கும் அப்பளம் விரிசல் விட்டிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கத்தி இறக்கினேன்.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. அதற்குக் கிழக்கே பேனலை வரிசை கட்டிவிட்டார்கள். மூன்றரை மணிக்கு மேல் ஒரு பேனலில் நிழல் விழுந்தது. ஒரு செல் தருவது அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். அதனால் சங்கிலியாகக் கோத்திருக்கிறார்கள், ஒன்று சுணங்கினால் அதோடு சேர்ந்தவையும் சுணங்கும். நாலு தடவை போன் செய்தேன், "ஆள் வருவாங்க" என்றார்கள். வரவில்லை. நானே ஸ்டாண்டை அறுத்துத் தொட்டியை வடக்கே மாற்றினேன். நாள் சராசரி 11 யூனிட்டிலிருந்து 12.5-க்கு ஏறியது.

சித்திரை வெயிலில் கரண்ட் கொட்டும் என்று நினைத்திருந்தேன். இல்லை. 540 வாட் என்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும். மத்தியானம் செல் 65 டிகிரிக்குப் போனால் 465 வாட் தேறும். இது சிலிக்கானின் குணம், பேனல்காரரைத் திட்டிப் பயனில்லை. தரையோடு ஒட்டாமல் காற்று போக இடம் விட்டு உயர்த்திப் போடச் சொல்லுங்கள், அவ்வளவுதான் செய்ய முடியும்.

பேனலுக்கு ஐந்துக்கு நாலரை, மாட்டியவர்களுக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும், மானியத் தாள்களை ஒழுங்காக முடித்துக் கொடுத்ததற்கு.

கழுவுகிறவர்களுக்கு ஒன்று: எங்கள் போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளை பூக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து, சனிக்கிழமை விடியற்காலையில் சூடேறுமுன் துடைக்கிறேன். வாரத்துக்கு இரண்டு வாளி சேர்கிறது, ஆறு பேனலுக்கும் சரியாக இருக்கிறது.